பென்சில்ல போட்ட கோடு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு குடுத்த நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

மாசம் ஒரு தடவ நாங்க ஒரு பத்து பதினஞ்சு பேர் வட்டமா உக்காந்து பேசுவோம், கே, லெஸ்பியன், திருநங்கை, திருநம்பி, தனக்கு என்ன பேர்னு இன்னும் முடிவு பண்ணாதவங்க, எல்லாரும் சின்ன வயசுக்காரங்க. அவங்கவங்க கதைய சொல்லலாம், சொல்லாமயும் இருக்கலாம். போன தடவ ஒரு பொண்ணு, 19 வயசு, மூணு மாசமா வர்றா ஆனா வாயே தொறந்ததில்ல, அன்னைக்கு அவ முறை வந்தப்ப பையில இருந்து ஒரு புக்க எடுத்து ஒரே ஒரு பக்கத்த வாசிச்சுட்டு உக்காந்துட்டா. தன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருந்த பையன் தன் தண்ணி பாட்டில அவ பக்கம் நகத்தி வச்சான், அவ்வளவுதான், யாரும் ஒண்ணும் கேக்கல. (அவ கிட்ட கேட்டுட்டுத்தான் இத இங்க சொல்றேன்.)

நான் சொல்ல வந்ததே இதுதான். நம்ம பசங்க 'நான் இப்படி'ன்னு சொல்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே 'இந்த புக்க படிச்சுப் பாரேன்'னு சொல்லிடறாங்க, நமக்குத்தான் காதுல விழறதில்ல.

எனக்கு அப்ப 16 வயசு இருக்கும். லைப்ரரில ஒரு நாவல் கண்ணுல பட்டுது, ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற கதை, வீட்டுக்கு எடுத்துட்டுப் போக பயம், கார்டுல பேர் எழுதுவாங்களே, அதனால ஒரு பெரிய அட்லஸ்க்குள்ள வச்சு நின்னுக்கிட்டே தினம் பத்து பக்கம் படிப்பேன். நடுவுல ஒரு வரிக்கு கீழ யாரோ பென்சில்ல கோடு போட்டிருந்தாங்க. அழுத்தவே இல்ல, விரலால தேய்ச்சா கூட போயிடும் போல. என் கையில பென்சில் இருந்திருந்தா நானும் அந்த வரிக்குத்தான் கோடு போட்டிருப்பேன். சத்தியமா சொல்றேன், கதைய விட அந்தக் கோடுதான் என்னைய தூங்க விடல. இதே ரேக் முன்னாடி இதே பயத்தோட இன்னொருத்தர் நின்னிருக்காங்க.

ஆனா அந்த நாவல்ல கடைசில ஒருத்தன் செத்துப்போயிடுவான். எனக்கு கெடைச்ச கதைங்க நிறைய அப்படித்தான் முடிஞ்சுது, படிக்கிற புள்ள அதையே தன் தலையெழுத்துன்னு எடுத்துக்கும். ஆனா இங்கிலீஷ் எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டர், ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற 'மாரிஸ்' நாவல 1913, 14ல எழுதுறப்ப முடிவு சந்தோஷமாத்தான் இருக்கணும்னு பிடிவாதமா இருந்தாரு. அப்ப இங்கிலாந்துல ரெண்டு ஆம்பளைங்க உறவுங்கறது ஜெயிலுக்குப் போற குற்றம், அதனால நம்பிக்கையான நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் குடுத்தாரு, 1970ல அவர் செத்து மறுவருஷம்தான் புக்கா வெளிய வந்துது.

அமெரிக்க எழுத்தாளர் நான்சி கார்டனோட 1982ல வந்த 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவல் ரெண்டு பொண்ணுங்களோட காதல், பிரிஞ்சு கடைசில சேர்ந்துடுவாங்க. 1993ல அமெரிக்கால, கான்சாஸ் சிட்டில அத கொளுத்துனாங்க, பக்கத்துல ஓலேத்தாங்கற ஊர்ல ஸ்கூல் லைப்ரரில இருந்தே எடுத்துட்டாங்க. கேஸ் போட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? அந்த ஸ்கூல் பசங்களும் அவங்க அப்பா அம்மாவும். 1995ல கோர்ட்டு திரும்ப வைக்கச் சொல்லிடுச்சு. இதப் படிச்சப்ப எனக்கு அந்த அப்பா அம்மாக்கள நெனச்சு அழுகையே வந்துடுச்சு.

தமிழ்ல ஏ. ரேவதின்னு ஒரு திருநங்கை எழுத்தாளர் இருக்காங்க. 2004ல 'உணர்வும் உருவமும்'னு மத்த திருநங்கைகளோட கதைகள கேட்டு கேட்டு தொகுத்தாங்க, தன் கதைய முழு புக்கா எழுதுனது அதுக்கு அப்புறம்தான். மொதல்ல மத்தவங்க சொல்றத கேட்டாங்க பாருங்க, அந்த வரிசை எனக்கு ரொம்ப புடிக்கும்.

இங்க வந்திருக்கற அம்மா அப்பா, டீச்சருங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். புள்ள ஒரு புக்க உங்க கண்ணுல படற மாதிரி வச்சுட்டுப் போனா தயவுசெஞ்சு எடுத்துப் படிங்க. அட்டையப் பாத்துட்டு 'இதெல்லாம் படிச்சுத்தான் இப்படி ஆகுற'ன்னு ஆரம்பிக்காதீங்க, என்னைய எந்த புக்கும் மாத்தல, எனக்குள்ள ஏற்கனவே இருந்ததுக்கு ஒரு பேர் குடுத்துது, அவ்வளவுதான். படிச்சு முடிச்சுட்டு விசாரணை எல்லாம் வேணாம், எந்த எடம் புடிச்சுதுன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொன்னத பெரியப்பா கிட்டயோ ஸ்டாஃப் ரூம்லயோ போய் சொல்லிடாதீங்க, இதுல மட்டும் நான் ரொம்ப கறார், வெளிய சொல்றதா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது அந்தப் புள்ள மட்டும்தான். பசங்களா, வீட்ல உங்களுக்கு பாதுகாப்பு இல்லன்னா சொல்லாம இருக்கறது கோழைத்தனம் இல்ல, அதுக்காக ஒரு நாளும் கூனிக்குறுகாதீங்க.

அந்தப் பொண்ணு இன்னைக்கும் வந்திருக்கா, அதே புக்கோட. இன்னைக்கு ரெண்டு பக்கம் வாசிக்கிறேன்னு காலைல மெசேஜ் பண்ணிருந்தா. மைக்க அவ ஒயரத்துக்கு எறக்கி வச்சுட்டு நான் போய் உக்காந்துக்கறேன்.