ஏலப் பூவுக்கு ஒரு காலைதான்

(காட்சி: உள்ளங்கையில் ஒரு ஏலக்காய். நகத்தால் கீறித் திறக்கிறோம்.)

பாயசத்துக்குத் தட்டிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஏலக்காயை உரிச்சு எண்ணிப் பாருங்க. நல்ல காயா இருந்தா 15, 20 கருப்பு விதை இருக்கும். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகள்னு கணக்கு. அத்தனையும் அங்க கொண்டுவந்து சேர்த்தது தேனீ.

இடம், இடுக்கி ஏலமலை. தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. விடிஞ்சதும் கம்பம், போடி பக்கம் ஜீப் ஜீப்பா ஆள் ஏறும். காய் எடுத்துட்டு சாயங்காலம் மலை இறங்குவாங்க. காயும் அதே மலை இறங்கி போடிக்கு ஏலத்துக்கு வரும். ஏலத்துக்கே ஏலம்!

(காட்சி: தரையோடு படர்ந்த சரம். பூ நெருக்கத்தில்.)

இந்தச் செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், ஆனா பூ உச்சியில கிடையாது. தூர்ல இருந்து கிளம்புற சரத்துல, தரையோட தரையா பூக்கும். வெள்ளைப் பூ, நடு இதழ்ல ஊதா வரி. விடியக்காலையில விரியும், மறுநாள் வாடிடும். ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவுலதான் இருக்கு. ஆனா சூல்முடி, அதாவது பெண் பாகத்தோட நுனி, மகரந்தப் பையைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கிறதால மகரந்தம் தானா ஒட்டாது. இந்தியத் தேனீயோ மலைத்தேனீயோ உள்ள நுழைஞ்சு உரசணும். வராத நாள்ல பூ வீணா உதிரும். பேருக்கு வந்துட்டுப் போனா விதை குறைஞ்ச காய். ஏலத்துல நல்ல விலை கிடைக்கிறது 8 மில்லிமீட்டர் உருட்டுக் காய்க்குதான்.

இப்ப பூச்சி மருந்துக்கு வருவோம். இலைப்பேன்னு ஒரு பொடிப் பூச்சி. அது சுரண்டின காய்ல சொறி விழும், விலையும் கூடவே விழும். அந்தப் பயத்துல, பூச்சி கண்ணுல பட்டுச்சோ இல்லையோ, 15, 20 நாளைக்கு ஒரு தடவை அடிக்கிற தோட்டங்கள் உண்டு. கூலிக்கு ஆள் இறங்குறது காலையில. தேனீ இறங்குறதும் அதே காலையிலதான்.

(காட்சி: சாக்கு விரித்து, செடியடியில் உட்கார்ந்து காய் எடுக்கும் பெண்கள்.)

இவங்களையும் பாருங்க. சரம் கீழ இருக்கிறதால முகத்துக்கும் செடிக்கும் நடுவுல ஒரு முழம்தான் இடைவெளி. தேனீ பறக்கிற உயரமும் இவங்க மூச்சு விடுற உயரமும் ஒண்ணு.

மலையில அடிச்சது மலையோட நிக்காது. 2023 ஜனவரியில, ஏலக்காய்ல மருந்து எச்சம் அளவுக்கு மேல இருக்குன்னு ஆய்வு முடிவு வர, சபரிமலை அரவணைப் பாயச விற்பனையை கேரள உயர் நீதிமன்றம் நிறுத்துச்சு. 6 லட்சத்துக்கு மேல டின் தேங்கிப்போச்சு. அந்த உத்தரவை அப்புறம் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. ஆனாலும் பாயசத்துல போடுற ரெண்டு காயைப் பத்தி ஊரே பேசினது அப்பதான்.

அடுத்தது நிழல். ஏலம் காட்டு மரத்தடியில வளர்ந்த செடி. வெயில் கூடினா காய்ப்பும் கூடும்னு வீரிய ரகங்களுக்காக மரக்கிளையை ஓயாம கழிச்சாங்க. மழை ஒழுங்கா பெய்யற வரைக்கும் அந்தக் கணக்கு ஓடுச்சு. 2024 கோடையில ஏக்கர் ஏக்கரா செடி கருகினப்போ, மரம் தந்த நிழலுக்குப் பதிலா பச்சை வலையைக் காசு குடுத்து வாங்கிக் கட்டினாங்க. வறட்சியில இலைப்பேன் வேற பெருகும். பெருகினா மறுபடி மருந்து. என் பார்வையில, மரக்கிளையை வெட்டின கோடாலிதான் முதல் மருந்து டப்பா.

பூக்கிற சீசன்ல எக்டேருக்கு 4 தேன்பெட்டி வைக்கச் சொல்றாங்க. வைக்கலாம். ஆனா காலையில மருந்து அடிக்கிற தோட்டத்துல பெட்டி வைக்கிறது, விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைக்கிற கதை. தேனீ கூடு திரும்பின பிறகு, சாயங்காலம் அடிக்கணும். அதுக்கு ஆளுக்குத் தனிக் கூலி வேணும், வீட்டுக்குக் கொண்டுபோய் விட வண்டி வேணும்.

(காட்சி: சாயங்கால வெளிச்சத்தில் வளைவு வளைவாக மலை இறங்கும் ஜீப்புகள்.)