செல்லை அதன் இடத்தில் நிறுத்தும் மரபணுக்கள்

[திரையில்: நியூசிலாந்தின் வரைபடம் மெல்லப் பெரிதாகிறது.]

1990-களில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்குடும்பத்தினர், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உறவினர்களை இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுப்பது ஏன் என்று கண்டறிந்து சொல்லுமாறு ஆய்வாளர்களைத் தாங்களே அணுகினார்கள். அதற்குள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அவர்களில் மிக இளையவருக்கு வயது 14. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் அந்தக் குடும்பத்தினருடன் சேர்ந்தே நடத்திய ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. பழுது இருந்த இடம் 16-ஆவது குரோமோசோம். மரபணுவின் பெயர் சிடிஹெச்1; அது உருவாக்கும் புரதத்தின் பெயர் இ-கேடரின்.

இ-கேடரினின் முதன்மையான வேலை, ஒரு செல்லைப் பக்கத்துச் செல்லோடு ஒட்டவைப்பது. ஒட்டவைக்கும் புரதம் ஒன்று பழுதானால் புற்றுநோய் ஏன் வர வேண்டும்? இந்த வீடியோவில் நாம் விடை தேடப்போகும் கேள்வி அதுதான்.

[திரையில்: ஒரு குரோமோசோம் இணை, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி. முதலில் ஒன்று அணைகிறது, பிறகு மற்றொன்று.]

புற்றுக்கட்டி உருவாகாமல் காக்கும் மரபணுக்களுக்குக் கட்டி அடக்கி மரபணுக்கள் என்று பெயர்; சிடிஹெச்1-உம் அவற்றில் ஒன்று. இவற்றைப் பற்றிப் பேசும்போது வண்டியின் பிரேக்கை உவமையாகச் சொல்வது வழக்கம். குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃப்ரெட் நட்சன், மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் தொடங்குகிறது என்ற கருத்தை 1971-இல் முன்வைத்தார். அந்த நோய்க்குக் காரணமான ஆர்பி மரபணு 1986-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆர்பி உண்மையாகவே பிரேக்தான்; செல் பிளவுபடுவதை அது தடுத்து நிறுத்துகிறது. ஆனால் புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை முதலில் தோன்றிய கட்டியால் நேர்வதில்லை. அங்கிருந்து கிளம்பிய செல்கள் நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் மூளையிலும் போய்க் குடியேறுவதால்தான் நேர்கின்றன. எனவே ‘இந்த மரபணு செல்லின் பெருக்கத்தை எப்படி அடக்குகிறது’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘செல்லை அதன் இடத்தில் எப்படி நிறுத்திவைக்கிறது’ என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பொதுவான விளக்கங்களில் உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

[திரையில்: இரைப்பையின் உட்புறத் தோல் அடுக்கு. நெருங்கி நிற்கும் செல்கள். இடையே கோத்த விரல்கள் போன்ற புரதங்கள்.]

இ-கேடரின் செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதன் வெளிமுனை பக்கத்துச் செல்லின் இ-கேடரினைப் பற்றிக்கொள்கிறது. உள்முனை, கேட்டனின் எனப்படும் புரதங்களின் வழியாக, செல்லுக்குள் ஓடி அதற்கு உருவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளோடு பிணைந்திருக்கிறது. இந்தப் பிடிப்புக்குக் கால்சியம் தேவை. ஆய்வகத்தில் ஒரு தட்டில் விரிப்புபோல் பரவி வளர்ந்திருக்கும் செல்களிலிருந்து கால்சியத்தை அகற்றிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ஓடு பாவியதுபோல் ஒட்டி நின்றவை சற்று நேரத்தில் உருண்டு திரண்டு ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது கண்ணுக்கே தெரியும்.

சிடிஹெச்1 மரபணுவின் இரண்டாவது பிரதியும் செயலிழந்துபோன செல்லின் நிலைமை, சாந்து உதிர்ந்த சுவரில் இருக்கும் செங்கல்லின் நிலைமைதான். அத்தகைய செல்கள் இரைப்பையில் ஓரிடத்தில் கட்டியாகத் திரளாமல், மேல் அடுக்குக்குக் கீழே தனித்தனியாகச் சிதறுகின்றன. அதனால்தான் எண்டோஸ்கோப்பியில் உட்சுவர் இயல்பாகத் தோன்றும்போதே நோய் ஆழத்தில் பரவியிருக்க முடிகிறது. மார்பகத்தின் பால் சுரப்பிகளில் வரும் லோபுலார் வகைப் புற்றுநோயிலும் பெரும்பாலும் இதே புரதம்தான் காணாமல் போகிறது; அந்தத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், புற்றுசெல்கள் எறும்புச் சாரைபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்பதைக் காணலாம்.

[திரையில்: தனியாக ஊர்ந்து செல்லும் ஒரு செல். முன்விளிம்பு ஒளிர்கிறது.]

பிடி தளர்ந்துவிட்டதாலேயே ஒரு செல் நகர்ந்துவிடாது. நகர வேண்டுமானால், தன் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் 1997-இல் கண்டறியப்பட்ட பிடென் என்ற மரபணுவின் பங்கு வருகிறது. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயிலும், புராஸ்டேட், கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய்களிலும் இது அடிக்கடி இழக்கப்படுகிறது.

ஊர்ந்து செல்லும் செல்லின் முன்விளிம்பில், சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறின் மீது பிஐ3-கைனேஸ் என்னும் நொதி ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தப் பாஸ்பேட்டை அடையாளமாகக் கொண்டு வேறு புரதங்கள் அங்கே கூடி ஆக்டின் இழைகளைக் கிளைவிடச் செய்ய, சவ்வு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. பிடென் புரதத்தின் வேலை அதே பாஸ்பேட்டைக் கழற்றுவது. மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவை ஆராய்ந்த இரண்டு அமெரிக்கக் குழுக்கள் 2002-இல் கண்டது என்னைப் பெரிதும் கவர்ந்த ஒன்று: நகரும் அமீபாவில் பிடென் முன்விளிம்பை விட்டு விலகி, பின்புறத்திலும் பக்கவாட்டிலும் நின்றுகொள்கிறது. ‘இங்கே கால் முளைக்கக் கூடாது’ என்று அந்த இடங்களுக்குத் தடை போடுவதே அதன் பணி. பிடென் இல்லாத அமீபா கண்ட பக்கமெல்லாம் கால் நீட்டித் திசை தவறுகிறது.

நம் உடலின் செல்களில் பிடெனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செல் தன் தரையைப் பற்றும் இடங்களில் செயல்படும் எஃப்ஏகே என்ற நொதியைப் பிடென் அடக்குவதையும், பிடெனை மிகுதியாக உண்டாக்கும் செல்களின் நகர்வு மட்டுப்படுவதையும் 1998-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

[திரையில்: செல் விரிப்பின் நடுவே பிப்பெட் முனையால் போடப்படும் நேர்க்கோடு. பக்கத்தில் ஒரு கடிகாரம்.]

செல் நகர்வை எப்படி அளக்கிறார்கள்? தட்டில் நெருக்கமாக வளர்ந்த செல் விரிப்பின் மீது பிளாஸ்டிக் பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறுகிறார்கள். உடனே ஒரு படம். பெரும்பாலும் 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம். இடைவெளி எவ்வளவு மூடியிருக்கிறது என்பதே அளவு. முறை எளிதாகத் தோன்றினாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது: செல்கள் நகராமல் வெறுமனே பெருகினாலும் கோடு மூடிவிடும். எனவே மைட்டோமைசின் போன்ற மருந்தால் செல் பிளவை நிறுத்திவைத்தோ, வளர்ச்சிக்கு வேண்டிய சீரத்தைக் குறைத்தோதான் கவனமான ஆய்வாளர்கள் இதைச் செய்கிறார்கள். ஒரு கட்டி அடக்கி மரபணு ‘நகர்வைக் கட்டுப்படுத்துகிறது’ என்று எங்காவது படித்தால், பெருக்கத்தைத் தனியே பிரித்துப் பார்த்தார்களா என்று கேட்பது நல்லது.

[திரையில்: இரண்டு வண்ணங்களில் பி53 புரதம்: இயல்பானது, திரிந்தது.]

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பழுதாகியிருக்கும் பி53 மரபணுவின் கதை சற்று வேறு. இயல்பான பி53, இ-கேடரினை அணைக்கும் ஸ்லக் என்ற புரதம் சிதைக்கப்படுவதற்கு வழிசெய்கிறது. அதன் சில திரிந்த வடிவங்களோ பழைய காவலை இழப்பதோடு நிற்காமல் எதிர்ப்பக்கமும் சேர்ந்துகொள்கின்றன: தரையைப் பற்ற உதவும் இன்டெக்ரின் புரதங்கள் செல்லின் உள்ளே போனதும் விரைவாக மீண்டும் மேற்பரப்புக்கு அனுப்பப்பட அவை உதவுகின்றன, அதனால் செல் தரையைப் பற்றியும் விட்டும் முன்னேறுவது எளிதாகிறது.

[திரையில்: எலியின் மார்பகத் திசுவிலிருந்து கிளம்பும் செல் கூட்டம்.]

இவ்வளவையும் கேட்டபின், இ-கேடரின் போனால் புற்று பரவும், இருந்தால் பரவாது என்று முடிவுகட்டத் தோன்றலாம். அப்படிச் சொல்ல முடியாது. மார்பகப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும், பால் நாளங்களில் வரும் டக்டல் வகையில், பல கட்டிகள் இ-கேடரினைக் கைவிடாமலேயே பரவுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஈவால்டின் குழு அந்த வகைக்கான எலி மாதிரிகளில் இ-கேடரினை நீக்கிப் பார்த்து 2019-இல் வெளியிட்ட முடிவு இது: செல்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் கூடுதலாக ஊடுருவின; ஆனால் வழியிலேயே பெருமளவில் மடிந்ததால், தொலைவில் போய்க் குடியேறியவை குறைந்தன. கைவிட்டுக் கிளம்புவது ஒரு திறன். தனியாகப் போய்ப் பிழைப்பது இன்னொரு திறன். எந்தத் திசுவில் எந்த மரபணு இவற்றில் எதைக் காக்கிறது என்பதை ஒவ்வொரு புற்றுநோய்க்கும் தனித்தனியாகத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

[திரையில்: ஒரு ரத்த மாதிரிக் குப்பி.]

நியூசிலாந்தின் அந்தக் குடும்பத்தில், பழுதைச் சுமக்கும் ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. அதைத் தெரிந்துகொள்ள இன்று ஒரு ரத்தப் பரிசோதனை போதும். பழுது இருப்பவர்களில் பலர், நோயின் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே, இரைப்பை முழுவதையும் அறுவை சிகிச்சையால் அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். நலமாக இருந்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட அந்த இரைப்பைகளைத் துண்டு துண்டாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த நோய்க்குறியியல் வல்லுநர்கள், அவற்றில் மிகப் பலவற்றில், மேல் அடுக்குக்குச் சற்றுக் கீழே, கூட்டத்தை விட்டு விலகிய சிறு சிறு செல் தொகுதிகளைக் கண்டார்கள்.