கோயில் மணி சத்தம் எஃப்எம் சிந்தஸிஸ்ல ஏன் வர மாட்டேங்குது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. கேள்விங்க நெறைய வந்திருக்குது, ஒண்ணொண்ணா வர்றேன். ஆனா ஒரு கேள்வி வந்ததுல இருந்து என்னைய விட மாட்டேங்குது, அதை மொதல்ல முடிச்சர்றேன். கோபியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, டெக்ஸெட் ப்ளக்கின்ல (கம்ப்யூட்டர்ல ஓடற எஃப்எம் சிந்தசைசர்) கோயில் மணி பண்ணிப் பாத்தேன். மாடுலேட்டர் (ஆட்டற அலை) லெவலைக் கம்மியா வச்சா ஆர்கனாட்டம் ஙொய்ங்குது. ஏத்தினா கரகரன்னு கிழியுது. ரெண்டுக்கும் நடுவுல மணி எந்த எடத்துல இருக்குது? எந்த அல்காரிதம் எடுக்கோணும்?"

நடுவுல எங்கீமே இல்லீங்க தம்பி. நீங்க சொன்ன ரெண்டுமே மணிதான். அடிச்ச ஒடனே கரகர, அப்புறமேட்டுக்கு ஙொய். கரகரப்புல இருந்து ஙொய்க்கு எறங்கி வருது பாருங்க, அந்த எறக்கம்தான் மணி. லெவலை ஒரு எடத்துல நிறுத்திப்போட்டுத் தேடினா விடிய விடியத் தேடலாம், கெடைக்காது.

நம்ம வைப்ராட்டோ வீடியோ பாத்தவிங்களுக்கு இது தெரியும், இருந்தாலும் சித்தெ சொல்லீர்றேன். 1967ல ஸ்டான்ஃபோர்டுல ஜான் சௌனிங்னு ஒருத்தர் வைப்ராட்டோவைத்தான், அதாவது சுதி நடுங்கறதைத்தான், நோண்டீட்டு இருந்தாரு. ஒரு சைன் அலையோட சுதியை இன்னொரு சைன் ஆட்டுது. ஆட்டற வேகத்தைக் கூட்டீட்டே போறாரு. ஒரு கட்டத்துக்கு மேல நடுக்கமே காதுக்குத் தெரியல, புதுசா ஒரு சத்தம் கேக்குது. இதுதான் எஃப்எம். ஆட்டற அலை மாடுலேட்டர், ஆடற அலை கேரியர். 1973ல அதைக் கட்டுரையா எழுதுனாரு. அமெரிக்க ஆர்கன் கம்பெனிக்காரங்க வேண்டாம்னுட்டாங்க, ஜப்பான்ல யமஹாக்காரங்க புடிச்சுக்கிட்டாங்க. 1983ல டிஎக்ஸ்7ங்கற சிந்தசைசர் வந்துச்சு. ஆறு ஆப்பரேட்டர் (ஒவ்வொண்ணும் ஒரு சைன் அலை), 32 அல்காரிதம் (எது எதை ஆட்டோணும்ங்கற அமைப்பு). திருகறதுக்குக் குமிழே கெடையாது, பட்டனும் ஸ்லைடரும்தான். அதனாலயே முக்காவாசிப் பேரு உள்ள கை வைக்காம, கம்பெனி போட்டுக் குடுத்த சத்தத்தையே வாசிச்சுட்டு இருந்துட்டாங்க. டெக்ஸெட்டும் அதே சாமானோட சாஃப்ட்வேர் வடிவம்தான், சும்மாவே கெடைக்குது.

சரி, மணிக்கு வாங்க. கேரியர் 200 ஹெர்ட்ஸ்னு வச்சுக்கோங்க. மாடுலேட்டரும் 200னா, புதுசா வர்ற சத்தங்க 400, 600, 800னு வரிசையா நிக்கும். காது அதையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஒரே சுதியா எடுத்துக்கும். மாடுலேட்டரை 400 ஆக்கினா 600, 1000னு ஒத்தப்படை மடங்கு மட்டும் வரும், கிளாரினெட் வாடை அடிக்கும். இப்ப மாடுலேட்டரை 280 ஆக்குங்க. அதாவது 1.4 மடங்கு. கேரியரோட மாடுலேட்டரைக் கூட்டிக்கிட்டே போனா 480, 760, 1040. கழிச்சா 200ல 280 போனா மைனஸ் 80. அது மடங்கித் திரும்பி 80 ஆவே கேக்கும். அடுத்தது 360, அப்புறம் 640. இதுல ஒண்ணாவது 200ஓட மடங்கா பாருங்க! ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. வெங்கல மணியும் அப்படித்தான், அதனாலதான் இது மணியாட்டக் கேக்குது. மணிக்கு இந்த 1.4ஐ சௌனிங்கே தன்னோட கட்டுரையில குடுத்திருக்காரு.

ஆனா தம்பி, 1.4 போட்டும் உங்களுக்கு ஆர்கன்தான் வரும். ஏன்னா மாடுலேட்டர் லெவல் அசையாம நிக்குது. மறுபடியும் அதேதான் சொல்றேன், அது எறங்கோணும்.

ஒரு காரியம் பண்ணுங்க. பவானி பக்கம்தானே, கூடுதுறைக் கோயிலுக்கு ஒருக்கா போய்ட்டு வாங்க. பூசை நேரத்துல போகாதீங்க. இப்பப் பாதிக் கோயில்ல மோட்டார்ல ஓடற மணி மிஷினை வச்சுட்டாங்க, அது ஓடுச்சுன்னா ஒண்ணும் கேக்காது. கூட்டமில்லாத நேரமாப் பாத்து, யாராச்சும் மணியை ஒருதரம் அடிச்சா அப்படியே நின்னு கேளுங்க. மொதல்ல நாக்கு பட்ட சத்தம், கரகரப்பா, டப்புனு போயிரும். அப்புறம் ஒரு சுதி. அதுவும் தேய்ஞ்சதுக்கப்புறம் அடியில ஒரு ரீங்காரம் ரொம்ப நேரம் நிக்கும். அந்த ரீங்காரம் நேராவும் நிக்காது, வ்வோம் வ்வோம்னு ஏறி எறங்கும். வார்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே கனத்துல அமையாது. அதனால ரொம்பக் கிட்டக் கிட்ட ரெண்டு சுதி பொறக்கும், அந்த ரெண்டும் மோதறதுதான் அது.

இதை அப்படியே டெக்ஸெட்ல போடுங்க. 5ஆம் அல்காரிதம் எடுத்துக்கோங்க. அதுல ரெண்டு ரெண்டா மூணு சோடி இருக்குது. மொத சோடியில மாடுலேட்டர் கோர்ஸ் 1, ஃபைன் 40, அதாவது அதே 1.40 மடங்கு. அதோட என்வலப்பு (லெவல் நேரத்தோட ஏறி எறங்கற விதம்) வேகமா எறங்கோணும், கேரியரோடது மெதுவா எறங்கோணும். இங்க ஒரு குழப்பம் வரும். மத்த சிந்தசைசர்ல நம்பர் பெருசானா நேரம் பெருசு. டிஎக்ஸ்ல நம்பர் பெருசானா வேகம் பெருசு. ரேட் 99னா கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சுரும். லெவல் 3ஐப் பூச்சியம் ஆக்கீருங்க, இல்லீன்னா விசையை அமுத்திப் புடிச்சிருக்கற வரைக்கும் சத்தம் நின்னுட்டே இருக்கும், மறுபடி ஆர்கன்தான். ரேட் 4ஐக் கம்மி பண்ணுங்க, கையை எடுத்ததுக்கப்புறமும் மணி அடங்காம நிக்கோணுமில்ல. ரெண்டாவது சோடியை மொதல் சோடியாட்டவே வச்சு டீட்யூன்ல சுதியைத் துளி நகத்துங்க, வ்வோம் வந்துரும். மூணாவது சோடி நாக்கு படற சத்தத்துக்கு. அதுக்கு ரேஷியோவை (மடங்கை) மேல ஏத்தி, ஒடனே செத்துப் போற மாதிரி வச்சாப் போதும்.

"பதிவு பண்ணி வச்ச மணி சாம்பிளே கெடைக்குது, எதுக்குங்க இந்தப் பாடு?"னு கீழ ரெண்டு மூணு பேரு கேப்பீங்க, எனக்குத் தெரியும். அதுக்குத்தான் நான் காத்துட்டு இருக்கேன். தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வியே, அடிக்கற கை மாறினா சத்தம் எப்படி மாறோணும்ங்கறதுதான்.

போன வருசம் ஒரு வள்ளி கும்மிக் குழுவுக்கு டிராக் பண்ணிக் குடுத்தேனுங்க. பாட்டு வேகம் ஏற ஏற ஜால்ராவும் சூடாகோணும். நல்ல சாம்பிள்தான் போட்டிருந்தேன். அவிங்க ஆசிரியர் கேட்டுப்போட்டு, "ஏனுங்க, இது தாளம் போடற மாதிரி இல்லையே, கடியாரம் ஓடற மாதிரி இருக்குதே"ன்னாரு. அடி ஒவ்வொண்ணும் அச்சு அசலா அதே அடி. வால்யூமைக் கூட்டிக் கொறச்சும் பாத்தாச்சு, அது தூரத்துல போய்ட்டுக் கிட்ட வந்த மாதிரிதான் இருந்துச்சு. பலமா அடிச்ச ஜால்ரா வெறும் சத்தமா அடிச்ச ஜால்ரா இல்லீங்க, அதோட நெறமே வேற. மேல இருக்கற சத்தங்க அதிகமாக் கெளம்பும்.

எஃப்எம்ல அது ஒரே அமைப்புல முடிஞ்சுருது. வெலாசிட்டி சென்சிட்டிவிட்டின்னு, விசையை அமுத்தற வேகத்துக்கு எவ்வளவு மாறோணும்ங்கறது, 0ல இருந்து 7 வரைக்கும் இருக்கும். கேரியருக்கு 2 வைங்க, மாடுலேட்டருக்கு 5 வைங்க. இப்ப மெல்லத் தொட்டா ஙொய்யோட நின்னுக்கும், ஓங்கி அடிச்சாக் கரகரப்புல இருந்து கெளம்பும். மேல் விசைங்கள்ல ரொம்பக் கிழிஞ்சுதுன்னா கீபோர்டு ஸ்கேலிங்ல (விசைக்குத் தக்க லெவலை மாத்தற எடம்) அந்தப் பக்கம் மட்டும் மாடுலேட்டரைக் கொஞ்சம் கொறச்சு விட்டுருங்க. அந்தக் கும்மி டிராக்குல நான் ஜால்ராவை இப்படித்தான் மாத்திக் குடுத்தேன்.

சரிங்க, அடுத்தது பொள்ளாச்சியில இருந்து ஒருத்தர் ரிவெர்ப் பத்திக் கேட்டிருக்காரு.