கோழி வேகவைத்த தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

வெறும் உப்புப் போட்டு வேகவைத்த கோழிக்கறியை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடாக்கிப் பாருங்கள். லேசாக ஒரு பழைய வாடை அடிக்கும். மசாலா தூக்கலான குழம்பில் அது மறைந்துவிடும், அவ்வளவுதான். கறி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதிலிருக்கும் கொழுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பழைய எண்ணெய் போலச் சிக்குப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கறியில் உள்ள இரும்புச் சத்தே அதை விரட்டி வேகப்படுத்துகிறது.

இதற்குத் தடை போடும் பொருளும் அதே கோழிக்குள் இருக்கிறது. கார்னோசின், அன்செரின் என்று இரண்டு. இரண்டுமே புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தவை, மிகச் சிறிய மூலக்கூறுகள். கார்னோசினை 1900இல் குலேவிச் என்ற ரஷ்ய வேதியியலாளரும் அவருடைய கூட்டாளியும் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தார்கள். அன்செரின் என்ற பெயர் வாத்திலிருந்து வந்தது. லத்தீனில் 'அன்சர்' என்றால் கூஸ் வாத்து.

லெக் பீஸ் பிரியர்கள் மன்னிக்க வேண்டும்: இவை நெஞ்சுக்கறியில்தான் அதிகம். கோழி திடீரென்று இறக்கையடித்து எழும்பும்போது நெஞ்சுத் தசையில் சட்டென்று அமிலம் சேரும். அதைத் தாங்கிக்கொள்ளவே இந்தப் பொருள்கள் அங்கே குவிந்திருக்கின்றன. இரும்பு, செம்பு அணுக்களைப் பிடித்துவைப்பதும், கொழுப்பைத் தாக்கும் துடுக்கான மூலக்கூறுகளை அடக்குவதும் நமக்குக் கிடைக்கும் உபரி லாபம்.

மற்ற உணவில் சேர்ப்பதற்காக இவற்றைக் கோழியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை நம் அடுப்படிக்கு அந்நியமானதல்ல. கறியை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். புரதம் திரிந்து கட்டியாகும். நமக்கு வேண்டியவை நீரில் கரைந்தே நிற்கும், அந்தச் சூட்டுக்கு அசராது. சூடு குறைந்தால் வம்பு. ரத்த நிறம் தரும் இரும்புப் புரதம் சாற்றிலேயே தங்கி, காப்பாற்ற வந்த சாறே கொழுப்பைக் கெடுக்கும். அப்புறம் வடிகட்டி, நுண்துளைச் சவ்வு வழியே செலுத்தி, பெரிய மூலக்கூறுகளை ஒதுக்கி, உலர்த்தினால் பொடி.

இதற்கு இளங்கோழி தேவையில்லை. நாமக்கல் பண்ணைகளில் ஒன்றரை வருஷம் தாண்டி முட்டை குறைந்த கோழிகளை விற்றுவிடுவார்கள். கறி ரப்பர் மாதிரி இருக்கும், விலையும் கம்மி. சாறு எடுக்க அதுவே போதும் என்பது என் கட்சி. வேகவைத்த கறியை விற்கும் ஆலைகளில் சாக்கடைக்குப் போகும் தண்ணீரிலும் இவை கரைந்திருக்கும்.

எதில் சேர்ப்பது? சாசேஜ், நக்கெட், அரைத்த கறி. உப்புச் சேர்த்து அரைத்த பன்றிக்கறியில் கார்னோசின் கலந்து உறையவைத்துப் பார்த்த சோதனைகளில் சிக்கு வாடை குறைந்தது.

சரி, மாத்திரையாக விழுங்கினால் இளமை திரும்புமா? அப்படிச் சொல்லி விற்கிறார்கள். நம் ரத்தத்திலேயே கார்னோசினை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, உள்ளே போனதைச் சீக்கிரமே பிரித்துவிடும். அதனால் நான் அந்த மாத்திரைக்குக் காசு கொடுக்க மாட்டேன். கறி கெடாமல் காக்கும் வேலைக்குத் தாராளமாகக் கொடுப்பேன்.

ஒரு நேயர் பிஸ்கட்டிலும் போடலாமா என்று எழுதிக் கேட்கக்கூடும். போட்டால் பாக்கெட்டில் அசைவக் குறி அச்சிட வேண்டியிருக்கும். டீயோடு அந்த பிஸ்கட்டை யார் வாங்குவார்கள்?

வணக்கம்.