மால் சுவரில் இருக்கும் வெள்ளை டப்பா போனைத் திருடுமா? பீக்கனைப் பிரித்துப் பார்த்துவிடலாம்

வணக்கம் மக்களே. இன்வெர்ட்டர் வீடியோவின் இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்பீர்கள், தெரியும். அது அடுத்த வாரம். இந்த வாரம் என் வாட்ஸாப்பில் ஒரே ஒரு வீடியோதான் சுற்றிச் சுற்றி வருகிறது. "மாலுக்குள் போனால் புளூடூத்தை அணைத்துவிடுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் வெள்ளை டப்பா உங்கள் போட்டோ, கான்டாக்ட் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்." பின்னணியில் பேய்ப்பட மியூசிக் வேறு. தெரு குரூப்பில் வந்தது, சரி போகட்டும் என்று விட்டேன். பெரியப்பாவும் அனுப்பிவிட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

அந்த டப்பா இதோ, என் கையில் இருக்கிறது. இதற்குப் பெயர் பீக்கன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 650 ரூபாய் சொன்னார், 600க்கு வாங்கினேன். உள்ளே ஒரு புளூடூத் சிப், ஒரு பட்டன் செல், அவ்வளவுதான். இதில் போட்டோ வைத்துக்கொள்ள இடமே கிடையாது, ஐயா!

இது என்னதான் செய்கிறது? காலையில் தெருவில் "கோலமாவே" என்று கூவிக்கொண்டு போவாரே, அந்த வேலைதான். அவர் கூவுவார், எந்த வீட்டில் யார் கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. பீக்கனும் அப்படித்தான், தன் எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உங்கள் போன் பக்கத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது.

நம்பாதவர்கள் ஸ்கிரீனைப் பாருங்கள். என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவச ஆப், ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஸ்கேன் கொடுத்ததும் நம்ம டப்பா வந்துவிட்டது. இதுதான் அது அனுப்புகிற மொத்த சரக்கு, 30 பைட். முதலில் கொஞ்சம் தலைப்பு. அதில் 4சி 00 என்று இருக்கிறது பாருங்கள், அது ஆப்பிளின் கம்பெனி எண், தலைகீழ் வரிசையில். அடுத்து 02 15, 'நான் ஐபீக்கன்' என்பதற்கான அடையாளம்; ஐபீக்கன் என்பது ஆப்பிள் வகுத்த பீக்கன் முறை. அப்புறம் 16 பைட்டுக்கு யூயூஐடி. இந்த மால், இந்தக் கடைச் சங்கிலி என்று பொதுவான ஓர் எண். அதற்குப் பின்னால் மேஜர் 2 பைட், மைனர் 2 பைட். மேஜர் எந்தக் கிளை, மைனர் எந்த ஷெல்ஃப் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கடைசி ஒரு பைட் எனக்கு ரொம்பப் பிடித்தது: சி5. இதைக் கணக்குப் போட்டால் மைனஸ் 59 வரும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் என் சிக்னல் இவ்வளவு பலமாகக் கேட்கும் என்று டப்பாவே சொல்லிவிடுகிறது. போன் தனக்கு உண்மையில் கேட்கும் பலத்தை அதோடு ஒப்பிட்டு, ரொம்பப் பக்கம், பக்கம், தூரம் என்று மூன்றில் ஒன்றாக முடிவு கட்டும்.

இதையே ஐபோனில் செய்து பார்க்காதீர்கள், வராது. ஸ்கேனர் ஆப்களின் கண்ணில் ஐபீக்கன் பாக்கெட்டைக் காட்டாமல் ஆப்பிள் மறைத்துவிடுகிறது. யூயூஐடி முன்கூட்டியே தெரிந்த ஆப் மட்டும்தான், அதுவும் லொகேஷன் வழியாக, அதைத் தேட முடியும்.

மீட்டர் கணக்கில் துல்லியமாகத் தூரம் சொல்லும் என்று சிலர் விற்கிறார்கள். அதை நம்பாதீர்கள். இப்போது மைனஸ் 60 காட்டுகிறதா? நான் அப்படியே திரும்பி டப்பாவுக்கு முதுகைக் காட்டுகிறேன், போன் நெஞ்சுக்கு முன்னால் இருக்கிறது. மைனஸ் 74, அதாவது சிக்னல் பலம் குறைந்துவிட்டது. ஓர் அடிகூட நகரவில்லை. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக விழுங்கிவிடும். இரும்பு பீரோவுக்குள் வைத்தால் இன்னும் மோசம்.

சரி, இப்போது அந்த செல் கதை. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பீக்கனோடு வந்த செல் செத்தது. கடைக்குப் போய் சிஆர்2032, அதாவது அதே அளவு பட்டன் செல், கேட்டால், கடைக்காரர் பெரிய பிராண்ட் ஒன்றை நீட்டினார். ஒற்றை செல் 90 ரூபாய். தொண்ணூறு! நல்லதாக இருக்கட்டும் என்று வாங்கி வந்து போட்டால், பீக்கனுக்கு உயிரே வரவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட்டுக்கு மேல் ஜம்மென்று இருக்கிறது. செல்லை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பக்கத்தில் மெல்லிய வளையமாக ஏதோ பூசியிருக்கிறார்கள். கசப்புப் பூச்சு. குழந்தை வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காக. நல்ல எண்ணம்தான், பட்டன் செல்லை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும், விளையாட்டு இல்லை. ஆனால் என் பீக்கனின் காண்டாக்ட் சரியாக அந்தப் பூச்சின் மேலேயே போய் உட்காருகிறது. சாவி, பை தொலைந்தால் தேட உதவும் ஆப்பிளின் ஏர்டேகுக்கும் இதே தொல்லை வரலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. கடைசியில் பூச்சு இல்லாத 30 ரூபாய் செல்லில் உடனே ஓடியது. அந்தத் தொண்ணூறு இப்போது சமையலறைத் தராசில் இருக்கிறது. அதில் மட்டும் வேலை செய்கிறது, பாருங்கள். பூச்சு இல்லாத செல் போட்டால் ஸ்குரூ வைத்த மூடி உள்ள பீக்கனாகப் பார்த்து வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். இது கூவும் வேகம். ஐபீக்கனுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்குப் பத்து. செல் சீக்கிரம் தீர்வதற்கு இதுதான் காரணம். நொடிக்கு ஒன்று என்று மாற்றினால் செல் நெடுநாள் வரும், போன் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். இப்படி செட்டிங் மாற்றும்போது மட்டும்தான் டப்பாவோடு நாம் கனெக்ட் ஆகிறோம். டப்பாவுக்கு பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்.

அப்படியானால் பெரியப்பா பயப்படுவதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அவர் பயப்பட வேண்டியது டப்பாவைப் பார்த்து இல்லை. மைனர் 12 என்றால் செருப்பு ஷெல்ஃப் என்ற பட்டியல் கடையின் ஆப்பிடம் இருக்கிறது. நீங்கள் அந்த ஆப்பை நிறுவி, லொகேஷனுக்கு 'எப்போதும்' என்று அனுமதியும் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் என்ன, செருப்பு முன்னால் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று உங்கள் போனே சர்வருக்குச் சொல்லும். ஆண்ட்ராய்டு 6 முதல் புளூடூத் ஸ்கேனுக்கே லொகேஷன் அனுமதி கேட்டது இதனால்தான். ஆண்ட்ராய்டு 12இல் அருகிலுள்ள சாதனங்கள் என்று தனி அனுமதி வந்தது. ஆப்பையே நிறுவாதவர் புளூடூத்தை அணைத்தாலும் ஒன்றுதான், அணைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஆப்பே இல்லாமல் தொல்லை கொடுத்த காலமும் ஒன்று உண்டு. ஆப்பிள் ஐபீக்கனை 2013இல் ஐஓஎஸ் 7ஓடு கொண்டுவந்தது. கூகுள் 2015இல் எடிஸ்டோன் என்று தன் பங்குக்கு ஒன்றை விட்டது. அதில் பீக்கனே ஒரு வெப் லிங்கைக் கூவலாம், ஆண்ட்ராய்டு அதை நோட்டிஃபிகேஷனாகக் காட்டும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? உலகம் முழுக்க ஸ்பேம். 2018 டிசம்பரில் கூகுளே அந்த நோட்டிஃபிகேஷனை இழுத்து மூடியது. மூடியதில் எனக்கு வருத்தமே இல்லை.

உருப்படியாக நடந்ததும் உண்டு. லண்டன் பக்கத்தில் கேட்விக் விமான நிலையத்தில் 2017இல் சுமார் 2000 பீக்கன்களைப் பொருத்தினார்கள். கட்டிடத்துக்குள் ஜிபிஎஸ் எடுபடாது. இவற்றை வைத்து போன் வழி காட்டும்.

என் வீட்டில் என்ன செய்தேன்? எங்கள் வீட்டு மோட்டார் விவகாரம் பழைய ஆட்களுக்குத் தெரியும். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் வெளியே போக, டேங்க் வழிய, அம்மா கத்த... இப்போது வாசல் செருப்பு ஸ்டாண்டில் ஒரு பீக்கன். ஆண்ட்ராய்டு பீக்கன் லைப்ரரி என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, அதை வைத்துச் சின்னதாக ஓர் ஆப் எழுதினேன். அது நேரடியாக ஐபீக்கனைத் தேடாது, எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லும் லேஅவுட் வரி ஒன்றை நாம் சேர்க்க வேண்டும்; டிஸ்க்ரிப்ஷனில் போட்டிருக்கிறேன். சிக்னல் அறுந்ததும் "மோட்டாரை அணைத்தாயா?" என்று போன் கேட்கும். உடனே கேட்காது. ஒரு பாக்கெட் தவறியதற்கெல்லாம் கத்தக் கூடாது என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். நான் தெருமுனை டீக்கடையைத் தொடுவதற்குள் கேட்டுவிடுகிறது. போன வியாழக்கிழமை நிஜமாகவே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பி ஓடிப் போய் அணைத்தேன். டேங்க் வழியவில்லை மக்களே, ஒரு சொட்டுகூட!

இப்போது அம்மா தன் போனிலும் போட்டுக் கொடு என்கிறார். அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவருடைய போன் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பையெல்லாம் கொன்றுவிடுகிறது. ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று செட்டிங்ஸில் மாற்ற வேண்டும், அந்த மெனுவை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. உங்கள் போன் மாடலையும் அந்த மெனு இருக்கும் இடத்தையும் கமெண்டில் போடுங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பின் பண்ணிவிடுகிறேன்.