ஒரே குரல், நாலு சுரம்: இமோஜன் ஹீப்பின் ‘ஹைட் அண்ட் சீக்’

[திரை கறுப்பு. பாட்டின் தொடக்கம் மட்டும் சில நொடி.]

இதுல டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, கிட்டாரும் கிடையாது. கேக்கறது முழுக்க ஒரே பொண்ணோட குரல்.

[ஆல்பம் அட்டைகள் வரிசையா.]

இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப். 1998ல ‘ஐ மெகாஃபோன்’, 2002ல தயாரிப்பாளர் கை சிக்ஸ்வர்த்தோட சேர்ந்து ஃப்ரூ ஃப்ரூங்கிற பேர்ல ‘டீடெய்ல்ஸ்’. அடுத்த ஆல்பத்தை எந்தக் கம்பெனி தயவும் இல்லாம எடுக்கணும்னு சொந்த ஃப்ளாட்டை அடமானம் வெச்சாங்க. அதுதான் 2005ல வந்த ‘ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்’.

அந்த வேலைக்கு நடுவுல ஒருநாள் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. மிச்சம் இருந்தது ஒரு மைக், ஒரு கீபோர்டு, நாலு ட்ராக் மினிடிஸ்க் ரெக்கார்டர், அலமாரியில கிடந்த டிஜிடெக் வோகலிஸ்ட் வொர்க்ஸ்டேஷன். இந்தக் கடைசிப் பெட்டி ஒரு ஹார்மனைசர், ‘ஹைட் அண்ட் சீக்’ உருவானது இதை வெச்சுத்தான்.

[படம்: மைக், கீபோர்டு ரெண்டுலேருந்தும் பெட்டிக்கு அம்புக்குறி.]

மைக்ல பாடற குரலை, கீபோர்டுல அழுத்தற கட்டைகளோட சுரத்துக்கு இந்தப் பெட்டி மாத்தி வெளிய விடும். சொல்லு வாயிலேருந்து, சுரம் விரல்லேருந்து. வாயை மூடினா, கட்டையை அழுத்திட்டே இருந்தாலும் சத்தம் வராது. பாட்டுல வர்ற அந்தத் திடீர் மௌனங்கள் இவ்வளவு துல்லியமா விழறது அதனாலதான்.

ஹீப் அதை நாலு சுரத்துக்கு செட் பண்ணியிருந்தாங்க. பத்து விரலையும் வெச்சாலும் நாலைத்தான் எடுக்கும், எந்த நாலுன்னு பெட்டியே முடிவு பண்ணும். எதிர்பாராத தாவல்கள் அங்கேருந்து வந்ததுதான். இந்தக் கட்டுப்பாடு இல்லேன்னா இவ்வளவு அழகான பாட்டு கிடைச்சிருக்காது.

வீட்டுல முயற்சி பண்றவங்க ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, ஸ்பீக்கர் சத்தம் மைக்ல புகுந்தா பெட்டி சுருதியைத் தப்பா பிடிக்கும். ரிவெர்ப், அதாவது எதிரொலி எஃபெக்ட், ஹார்மனைசருக்குப் பிறகுதான், முன்னாடி வேண்டாம். ‘ஸ’, ‘ஷ’ மாதிரி எழுத்துக்கும் மூச்சுக்கும் சுருதி இல்லாததால அதெல்லாம் கரகரன்னு வரும், மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. கமகம் வேண்டாம்: சுரம் விரல்லேருந்துதான் வருது.

[மேடைக் காட்சி.]

2009ல அமெரிக்கப் பாடகர் ஜேசன் டெருலோ இந்தப் பாட்டுலேருந்து ஒரு துண்டை எடுத்து தன்னோட ‘வாட்சா சே’ பாட்டுல வெச்சார், அது, அமெரிக்காவுல நம்பர் ஒன். அதே வருஷம் வந்த ஹீப்போட ‘எலிப்ஸ்’ ஆல்பத்துக்கு 2010ல கிராமி. பாடினதுக்கு இல்ல, ஒலிப்பதிவுப் பொறியியலுக்கு! பிறகு மி.மு கையுறைகளை ஒரு குழுவோட உருவாக்கினாங்க. விரல் மடங்கறதையும் மணிக்கட்டு திரும்பறதையும் சென்சார் படிச்சு, வயர் இல்லாம லேப்டாப்புக்கு அனுப்பும். பாடிக்கிட்டே கையை அசைச்சு குரலை அடுக்கலாம், கீபோர்டு பக்கத்துலயே நிக்கணும்னு இல்ல.