கற்றுக்கொடுத்தவருக்குக் கிடைக்காத வேலை

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலுக்கு நடுவே கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேளுங்கள். எண்கள் கொஞ்சம் வரும், எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு வராது.

நம் தென்னாப்பிரிக்காவில் வேலையிலும் படிப்பிலும் இனம் பார்த்து முன்னுரிமை கொடுக்கும் சட்டம் இன்னும் வேண்டுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டர்பனில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் 1978-இல் சம்பளக் கணக்கு எழுதச் சேர்ந்தவள். பிறகு ஊழியர் விவகாரங்களைப் பார்க்கிற பெர்சனல் ஆபீசுக்கு மாறினேன். மொத்தம் முப்பத்து நான்கு வருஷம். இந்தச் சட்டம் கேட்கிற படிவங்களை என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர வேண்டும். ஆனால் கணக்குப் போடுகிற விதம் மாற வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

நம் இந்தியர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அப்போது நாம் போதுமான வெள்ளை இல்லை, இப்போது போதுமான கறுப்பு இல்லை." எல்லாரும் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இத்தனை வருஷமாகப் பந்தியை விட்டு எழுந்து போகவில்லை. என் வீட்டுக்குள்ளும் வந்தது. பேத்தி மெட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், ஆறு டிஸ்டிங்ஷன் வாங்கினாள். மருத்துவம் படிக்க விண்ணப்பித்தாள். இடமில்லை என்று ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அன்று ராத்திரி என் கட்டிலில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "ஆயா, நான் பிறந்ததே 2006-இல். நான் யாருடைய இடத்தைப் பிடுங்கினேன்?"

அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

என் அப்பா டர்பன் நகராட்சியில் வேலை பார்த்தார். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாராக்சில் குடியிருந்தோம். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் எங்களை இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது எனக்கு ஏழு வயது. பள்ளியில் இடம் போதாது, அதனால் ஒரே வகுப்பறையில் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். பிளாட்டூன் கிளாஸ் என்போம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், மத்தியான வெயிலில் தூங்கி விழுந்துகொண்டே வாய்ப்பாடு சொன்னது. அண்ணன் ஃபிட்டர் வேலைக்குப் பயிற்சி கேட்டுப் போனான். விளம்பரத்திலேயே வெள்ளையருக்கு மட்டும் என்று போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் போனான். போய்க் கேட்டால் தருவார்களோ என்று ஒரு நப்பாசை.

இனம் பார்த்து வேலை கொடுப்பது, நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு வந்தது என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். 1924-இல் வந்த அரசாங்கம் 'நாகரிகத் தொழிலாளர்' கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரயில்வேயிலிருந்து நம் ஆட்களையும் ஆப்பிரிக்கர்களையும் எடுத்துவிட்டு ஏழை வெள்ளையருக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள், கூடுதல் கூலியோடு. 1956-இல் வந்த தொழில் சட்டம் இன்ன வேலை இன்ன இனத்துக்கு என்று ஒதுக்கிவைக்கவே வழி செய்தது. முன்னுரிமை இந்த நாட்டில் எப்போதும் இருந்தது. யாருக்கு என்பதுதான் மாறியது.

சரி, இப்போது பாபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்த விஷயத்தைப் பேசினால் பாபாவில்தான் போய் நிற்பேன், என் பிள்ளைகளுக்குத் தெரியும். பாபா என்றால் ஜூலுவில் அப்பா. வயதில் மூத்த ஆணை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் சேரும்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து வருவார். கட்டிங் ரூமில் துணி விரிக்கிற வேலை. நீளமான மேசை. ஒரு தாள் துணி, அதன்மேல் இன்னொன்று, இப்படி நூறு அடுக்கு. சுருக்கமும் இருக்கக் கூடாது, இழுபடவும் கூடாது. அதன்மேல் சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாம் வரைந்த மார்க்கர் காகிதத்தைப் போட்டு மொத்தமாக வெட்டுவார்கள். அந்தத் துண்டுகளை எவ்வளவு நெருக்கி அடுக்குகிறோமோ அவ்வளவு துணி மிச்சம். அதில்தான் தொழிற்சாலையின் லாபமே.

மார்க்கர் வரைவது கட்டரின் வேலை. கட்டருக்குச் சம்பளம் அதிகம். துணி விரிக்கிறவருக்குக் கூலியாள் சம்பளம். ஆனால் எங்கள் கட்டிங் ரூமில் மார்க்கரைச் சரிபண்ணுவது பாபாதான். கட்டர் வரைந்ததைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார், ஒரு கைத்துண்டைத் திருப்பி வைப்பார், காலரை அந்தச் சந்தில் செருகுவார். இரண்டு அங்குலம் மிச்சமாகும். நூறு அடுக்குக்கு இரண்டு அங்குலம் என்றால் ஐந்து மீட்டர். மூன்று சட்டைத் துணி.

ஸ்டாண்டர்டு எட்டு படித்த நம் பையன்கள் பயிற்சிக்கு வருவார்கள். மேனேஜர் அவர்களைப் பாபாவிடம் அனுப்புவார். துணியின் ஓட்டம் பார்ப்பது எப்படி, கோடு போட்ட துணியில் கோடு கோட்டோடு சேர வைப்பது எப்படி, எல்லாம் அவர்தான் சொல்லிக்கொடுப்பார். ஆறு மாதத்தில் அந்தப் பையன் கட்டர் ஆவான். சில வருஷத்தில் சூப்பர்வைசர். பாபா அவன் கீழே துணி விரிப்பார். ஒருமுறை அல்ல. திரும்பத் திரும்ப இதே நடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் சம்பள உறையை நான்தான் எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் எழுதினேன், ஒருநாளும் என் பேனா நிற்கவில்லை.

அது நின்றது 2000-இல். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 1998-இல் வந்தது. முதல் அறிக்கையை 2000-இல் அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆளும் எந்தப் படியில் இருக்கிறார் என்று எழுத வேண்டும். பாபாவின் பெயருக்கு நேரே கடைசிப் படியை எழுதப்போனேன், திறமை தேவையில்லாத வேலை என்ற படி. எழுத முடியவில்லை. அந்தத் தொழிற்சாலையில் அவரைவிடத் திறமை யாருக்கு இருந்தது?

மேனேஜரிடம் போனேன். சான்றிதழ் இல்லையே என்றார். அப்போதுதான் சட்டத்தை முழுதாகப் படித்தேன். அதில் 20-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், யாரும் இதைப் பேசுவதில்லை. ஒரு வேலைக்குத் தகுதியானவர் என்றால் யார்? சான்றிதழ் உள்ளவர். அல்லது ஏற்கெனவே கற்று வைத்திருப்பவர். அல்லது அந்த வேலையில் அனுபவம் உள்ளவர். அல்லது நியாயமான காலத்துக்குள் கற்றுக்கொள்ளக்கூடியவர். இந்த நான்கில் ஒன்று போதும், சிலவற்றைச் சேர்த்தும் பார்க்கலாம். தகுதி இல்லாதவருக்கு வேலை கொடுக்கிற சட்டம் என்று பந்தியில் சொல்கிறோமே, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகுதி இருந்தும் கண்ணில் படாதவரைப் பார் என்று சொல்கிறது.

அந்தப் பக்கத்தை மேனேஜர் முன்னால் வைத்தேன். மறு வருஷம் பாபா கட்டிங் ரூம் சூப்பர்வைசர் ஆனார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் என் மேசைக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று: பிராவிடன்ட் ஃபண்ட் கணக்கு எந்தச் சம்பளத்தை வைத்து வரும்? ஒவ்வொரு வருஷமும் வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் வரும் என்றேன். இரண்டே வருஷத்தில் அறுபது ஆகி ஓய்வு பெற்றார். இரண்டு வருஷம் சூப்பர்வைசர் கணக்கு, அதற்கு முந்தைய காலமெல்லாம் கூலியாள் கணக்கு. அந்தக் காசோலையையும் நான்தான் கொடுத்தேன்.

முப்பது வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். பாபாவின் அந்தக் கூலியாள் சம்பளத்தில் அவர் பிள்ளைகள் படித்தார்கள், அல்லது படிக்க முடியாமல் போனார்கள். 1975-76-இல் ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு அரசாங்கம் செலவழித்தது 644 ராண்ட். நமக்கு 189. கலர்டு என்று சொல்கிற கலப்பினப் பிள்ளைக்கு 139. ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு 42. நான் மத்தியான வகுப்பில் தூங்கி விழுந்தேன் என்று சொன்னேனே, அது உண்மையான கஷ்டம். அந்தக் கஷ்டத்திலும் என் பங்கு பாபாவின் பிள்ளைக்குக் கிடைத்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல்.

நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்து கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் காசு சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் நாம் நின்றது நடுப்படியில். கீழே ஒரு படி இருந்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? 2022 கணக்கெடுப்பில் இந்தியர் நூற்றுக்கு 2.7 பேர். அரசாங்கத்தின் சமத்துவ ஆணையம் வருஷாவருஷம் வெளியிடும் அறிக்கையில், நிறுவனங்களின் உச்சப் பதவிகளில் நாம் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். வெள்ளையர் அறுபதுக்கு மேல், மக்கள் தொகையில் அவர்கள் ஏழு. ஆப்பிரிக்கர் எண்பதுக்கு மேல் இருக்கிற நாட்டில் அவர்கள் கையில் உள்ள உச்சப் பதவிகள் இருபதைத் தொடவில்லை. இந்தச் சட்டம் நம்மையும் சேர்த்துத்தான் முன்னேற்றப்பட வேண்டியவர் என்கிறது, மறந்துவிடாதீர்கள். ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர், எல்லா இனப் பெண்கள், உடல் ஊனமுற்றோர். என் தொழிற்சாலையில் நம் பெண்கள் இருவர் மேனேஜர் ஆனதும் இதே படிவத்தால்தான்.

இனி என் இரண்டாவது வாக்கியம், கணக்குப் போடுகிற விதம். போலீஸ் துறையில் ஓர் இந்தியப் பெண் அதிகாரி பதவி உயர்வு கேட்டார். நாடு முழுக்க இந்தியர் நூற்றுக்கு இரண்டரை என்று, இருந்த இடங்களோடு பெருக்கி 0.1 என்று கொண்டுவந்து, அதைப் பூஜ்யம் ஆக்கினார்கள். அந்த அம்மாவுக்கு இடமில்லை. 2013-இல் தொழில் நீதிமன்றம் அது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. சொல்லத்தான் வேண்டும். ஒரு மனுஷியைப் பூஜ்யமாக்கிவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம், மேற்கு கேப் சிறைத்துறை ஊழியர்கள் வழக்கில், நாட்டின் கணக்கை மட்டும் பார்க்காதே, அந்தந்த வட்டாரத்தின் கணக்கையும் பார் என்றது. டர்பனில் ஒரு தெருவில் நடந்து பார்த்தவருக்கே தெரியும், இங்கே நாம் நூற்றுக்கு இரண்டரை இல்லை.

தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டிலிருந்து இது வேறு என்று சொல்ல நினைத்திருந்தேன். அங்கே இத்தனை சதவீதம் என்று சட்டமே நிர்ணயிக்கிறது. இங்கே சட்டம் இலக்கு வைக்கச் சொல்கிறது, கட்டாய ஒதுக்கீட்டை ஒப்பவில்லை, யாருக்கும் கதவை முழுதாகச் சாத்தக் கூடாது என்கிறது. அலுவலகத்துக்கு வரும்போதுதான் இலக்கு பூட்டாக மாறிவிடுகிறது.

படிப்புக்கு வருகிறேன். நேரம் ஐந்து நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுகிறார்கள். 1995-இல், நல்ல மதிப்பெண் வாங்கிய ஓர் இந்திய மாணவிக்கு மருத்துவ இடம் மறுக்கப்பட்டு வழக்கு டர்பனில் நடந்தது. இந்தியர்களும் பாதிக்கப்பட்டவர்களே, ஆனால் ஆப்பிரிக்க மாணவர்கள் அதைவிட அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லி, பல்கலைக்கழகத்தின் முறையை நீதிபதி ஏற்றார். 1995-க்கு அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். இன்றைக்கு அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேப் டவுன் பல்கலைக்கழகம் 2016 சேர்க்கையிலிருந்து பிள்ளை எப்படிப்பட்ட பள்ளியில் படித்தது, வீட்டில் யார் படித்தவர் என்பதையும் எடைபோடுகிறது. உம்லாசியில் நூலகம் இல்லாத பள்ளியிலிருந்து வருகிற பிள்ளையும், அம்மா அப்பா இருவரும் டாக்டராக இருக்கிற ஆப்பிரிக்கப் பிள்ளையும் ஒரே கட்டத்தில் டிக் போட்டால், முதல் பிள்ளைதான் மறுபடியும் தோற்கும். சாட்ஸ்வர்த் கவுன்சில் ஃபிளாட்டில் ஆயா பென்ஷனில் வளர்கிற நம் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். இனத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதோடு வீட்டையும் பள்ளியையும் சேர்த்து எண்ணச் சொல்கிறேன்.

சிறு நிறுவனங்கள், 2025 ஜனவரியில் வந்த திருத்தம், ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்கிற நிறுவனங்களை அது இலக்கிலிருந்து விலக்கியது, இதெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், நேரம் இல்லை. பேத்தி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீ யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை, கண்ணம்மா. உனக்கு ஆறு டிஸ்டிங்ஷன் வாங்க ஒரு மேசை, ஒரு விளக்கு, டியூஷன் காசு இருந்தது. அந்தக் காசு என் சம்பளத்திலிருந்து வந்தது. அந்தச் சம்பளம் வந்த தொழிற்சாலையில் ஐந்து மீட்டர் துணியை மிச்சப்படுத்தியவரின் பேத்தியும் அதே வருஷம் விண்ணப்பித்திருக்கலாம். அவளுக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவளிடம் இதைச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை, அழுதுவிட்டுத் தூங்கினாள். இப்போது பயோமெடிக்கல் படிக்கிறாள், மறுபடியும் விண்ணப்பிக்கப்போகிறாள். வீட்டில் ரேடியோவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். மத்தியானம் நான் போனதும் சண்டைக்கு வருவாள், வரட்டும்.

வணக்கம்.